பெட்டியை வாங்கித் தராதீர்கள். தேர்ந்தெடுக்கக் கற்றுத் தாருங்கள்!



விளையாட்டுக் கணினி என்ற பேச்சு எழுந்தவுடனே நம்மிடையே இரண்டு அணிகள் உருவாகிவிடுகின்றன. ஓர் அணியினர், "அது பிள்ளைகளைக் கெடுக்கும் பெட்டி, வீட்டு வாசலைக்கூட மிதிக்கக்கூடாது" என்கின்றனர். மற்றோர் அணியினர், "எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றால் கேட்டதை வாங்கித் தருவோம், அத்தோடு நம் கடமை முடிந்தது" என்கின்றனர். முதல் அணியில் ஆசிரியர்கள் மிகுதி; இரண்டாம் அணியில் பெற்றோர்கள் மிகுதி. இருவரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகின்றனர். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கின்றது என்று இருவருமே கேட்பதில்லை!

இக்கட்டுரை அவ்விரு அணியினரையும் மறுத்தே எழுதப்படுகின்றது. என் கருத்து இதுதான்: உயர்திறன் விளையாட்டுக் கணினியை வாங்குவதா வேண்டாவா என்பது உங்கள் குடும்பத்தின் வருமானத்தைப் பொறுத்தது. ஆனால், வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், கடையில் கட்டி வைத்திருக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். உறுப்பு உறுப்பாகப் பிள்ளையே ஆராய்ந்து, எழுதி, வாதிட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். அந்தத் தேர்வுதான் கல்வி. அதைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டால், கல்வி கடையிலேயே தங்கிவிடும்; வீட்டிற்கு வெறும் விளையாட்டு மட்டும்தான் வரும்.

ஐந்தே வரி விலைப்பட்டியல்

ஒரு தந்தையார் தம் மகனுக்கு வாங்கிய கணினியின் விலைப்பட்டியலை என்னிடம் காட்டினார். அவர் கனவுந்து ஓட்டுநர். கூடுதல் நேரம் உழைத்துச் சேர்த்த 8,000 வெள்ளி அது. பட்டியலில் இருந்தவை ஐந்தே வரிகள்: "ஐ7, 32 ஜிபி, ஆர்டிஎக்ஸ், எஸ்எஸ்டி 1 டிபி, பவர் சப்ளை." எந்தத் தலைமுறை ஐ7? எந்த எண்ணுடைய ஆர்டிஎக்ஸ்? எந்த நிறுவனத்தின் பவர் சப்ளை? எத்தனை வாட்? ஒன்றுமே இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால், நினைவகம் ஒற்றைப் பட்டையாக இருந்தது. மின்வழங்கியில் பெயர் தெரிந்த நிறுவனம் எதுவும் இல்லை. உடன் கொடுத்த திரையோ 60 ஹெர்ட்சு.

ஐந்து வெள்ளிக்கு மீன் வாங்கினாலும் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகின்ற இனம் நாம். எட்டாயிரம் வெள்ளிப் பொருளுக்குச் செவுளைப் பார்க்க வேண்டாமா?

பெயர்களில் ஒளிந்திருக்கும் சூழ்ச்சியைப் பாருங்கள். 'ஐ7' என்ற பெயர் 2008ஆம் ஆண்டிலிருந்து புழங்கி வந்த பெயர். பத்தாண்டுக்கு முந்திய ஐ7 செயலியைப் பின்னர் வந்த ஐ5 எளிதில் வென்றுவிடும். 'ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ' என்ற பெயரில் 2025ஆம் ஆண்டில் இரு வகை அட்டைகள் வெளிவந்தன. ஒன்றில் 8 ஜிபி நினைவகம். மற்றொன்றில் 16 ஜிபி. பெயர் ஒன்றே! மடிக்கணினியில் வரும் 'ஆர்டிஎக்ஸ் 5090' வேறு. மேசைக்கணினியில் வரும் 'ஆர்டிஎக்ஸ் 5090' வேறு. மேசைக்கணினி அட்டையில் 32 ஜிபி நினைவகம். அது 575 வாட் வரை மின்சாரம் இழுக்கும். மடிக்கணினியில் இருப்பதோ 24 ஜிபி. மின்சாரமும் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. இரண்டிற்கும் ஒரே பெயர் சூட்டியவர்கள் அறியாமல் சூட்டவில்லை.

வெளுத்ததெல்லாம் பாலல்ல என்று பள்ளியில் பழமொழி கற்பிக்கின்றோம். அதனைப் பயன்படுத்திப் பார்க்க இதைவிட நல்ல இடம் எது?

திரையிலிருந்து தொடங்குங்கள்

முதற்கணினி கட்டும் பிள்ளைகள் பெரும்பாலும் செயலியிலிருந்து தொடங்குவார்கள். இது தலைகீழ் வழி. எந்தத் திரையில் பார்க்கப் போகின்றோம் என்பதே முதல் வினா.

1920 பெருக்கல் 1080 என்றால் 20,73,600 படப்புள்ளிகள். 2560 பெருக்கல் 1440 என்றால் 36,86,400. '4கே' எனப்படும் 3840 பெருக்கல் 2160 என்றால் 82,94,400. முதலாவதைப் போலச் சரியாக நான்கு மடங்கு! நீளமும் அகலமும் இரட்டித்தால் பரப்பளவு நான்கு மடங்காகும் என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாம் கட்டம் போட்டுக் காட்டுகின்றோமே, அதே கணக்குதான். 4கே திரை கேட்கும் மகன் தன் வரைகலை அட்டையிடம் நான்கு மடங்கு வேலையைக் கேட்கின்றான். அதற்கான விலையும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திரையின் வேகமும் கணக்குதான். 60 ஹெர்ட்சு திரை ஒரு படத்தை ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறை மாற்றும். 144 ஹெர்ட்சு திரை ஏறத்தாழ 6.9 மில்லிவிநாடிக்கு ஒருமுறை மாற்றும். விநாடிக்கு 140 படங்கள் வரையவல்ல கணினியை வாங்கி, 60 ஹெர்ட்சு திரையோடு இணைத்தால் எஞ்சிய உழைப்பெல்லாம் கண்ணுக்கு எட்டாமலே போய்விடும். மேலே சொன்ன தந்தையாருக்கு நேர்ந்தது அதுவே.

என் பரிந்துரை: முதல் உயர்திறன் கணினிக்கு 1440 வகைத் திரையும் 144 ஹெர்ட்சு அல்லது அதற்குச் சற்று மேலான வேகமும் போதும். அதற்கு மேல் கேட்டால், "ஏன்?" என்று கேளுங்கள்.

உறுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாடம்

1) வரைகலை அட்டை: கடைக்காரர் கிராபிக்ஸ் கார்டு என்பது இதுதான். விளையாட்டுக் கணினியின் இதயம் இது. திரையை விடுத்து, மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்குச் சற்றுக் குறைவாக இதற்கே போகட்டும். நினைவகம் 8 ஜிபி மட்டுமே உள்ள அட்டையை உயர்திறன் என்று யாராவது விற்க வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வாருங்கள். 2025இல் வந்தவற்றுள் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, ரேடியான் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி ஆகிய இரண்டும் 16 ஜிபி கொண்டவை. 1440 திரைக்குத் தாராளமாகப் போதுமானவை.

2) மையச்செயலி: "உட்கரு எத்தனை அதிகமோ அத்தனை நல்லது" என்பது மூடநம்பிக்கை. 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி செயலியில் எட்டே உட்கருக்கள். அதே தலைமுறையில் பதினாறு உட்கருக்கள் கொண்ட 9950எக்ஸ் செயலியைப் பெரும்பாலான விளையாட்டுகளில் அது முந்திவிடுகின்றது. காரணம், செயலிக்கு அருகிலேயே அமைந்த 96 எம்பி இடைநினைவகம். அடிக்கடி வேண்டிய நூல்களை நூலகத்தில் வைக்காமல் மேசை மேலேயே வைத்திருக்கும் மாணவனைப் போல அது. பெரிய எண்ணைக் காட்டி விற்பவரிடம் பிள்ளை இதனைச் சொல்ல வேண்டும்.

3) தாய்ப்பலகை: இங்குதான் தொலைநோக்கு வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 இருக்கைக்கு 2017இல் முதல் ரைசன் செயலி வந்தது. 2022இல்கூட 5800எக்ஸ்3டி என்ற வலிமையான செயலி அதே இருக்கைக்கு வந்தது. பழைய பலகையை வைத்திருந்த பலர் செயலியை மட்டும் மாற்றிப் பயனடைந்தனர். இன்டெலின் 1700 இருக்கை 2021இல் வந்தது. 2024 அக்டோபரில் 1851 இருக்கை வந்தபோது பழைய பலகை புதிய செயலிக்குப் பொருந்தவில்லை. 2022இல் வந்த ஏஎம்5 இருக்கையை 2027க்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்துள்ளது. ஒரு பொருளை இன்றைய விலையால் மட்டும் அளக்கக்கூடாது. நான்காண்டு கழித்து அதில் எதை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

4) நினைவகம்: 32 ஜிபி என்றால் ஒரே பட்டையாக வேண்டாம், 16 ஜிபி பட்டைகள் இரண்டு வேண்டும். இரு தடங்களில் தரவு ஓடும்போதே செயலிக்கு முழுத் தீனி கிடைக்கும். டிடிஆர்4 பலகையில் டிடிஆர்5 பட்டை பொருந்தாது. மேலும், 6000 என்று எழுதியுள்ள பட்டை, பயாசு அமைப்பில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற தெரிவை இயக்கும் வரையில் அந்த வேகத்தில் ஓடாது. கட்டிக்கொடுக்கும் கடைகள் சில இதனை இயக்குவதே இல்லை. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. நம் ஜொகூரிலும் எழுந்துவருகின்ற அந்தத் தரவு மையங்களுக்கும் பிள்ளை வாங்கும் சிறு பட்டைக்கும் என்ன தொடர்பு? இது பொருளியல் பாடமல்லவா?

5) சேமிப்பகம்: 1 டிபி என்று வாங்கிய எஸ்எஸ்டி கணினியில் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் திருடிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்! உற்பத்தியாளர் பத்தின் அடுக்கில் எண்ணுகின்றார்; விண்டோசு இரண்டின் அடுக்கில் எண்ணுகின்றது. அவ்வளவுதான்.

6) மின்வழங்கி: பவர் சப்ளை. ஏமாற்று மிகுதியாக நடக்கும் இடம் இது. கண்ணுக்குத் தெரியாது, விளம்பரத்தில் வராது, விளையாட்டின் வேகத்தைக் கூட்டாது. ஆகவே, இங்கே மிச்சம் பிடிப்பார்கள். யானையை வாங்கியவர் அங்குசத்திற்குக் கணக்குப் பார்க்கும் கதை! தரங்குறைந்த மின்வழங்கி பழுதானால் தான் மட்டும் போகாது. பலகையையும் அட்டையையும் உடன் அழைத்துச் செல்லலாம். ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ 300 வாட் இழுக்கும். அதற்கு 750 வாட் மின்வழங்கியை என்விடியாவே பரிந்துரைக்கின்றது. '80 பிளஸ் கோல்டு' என்ற முத்திரை மின்திறனின் சிக்கனத்தை மட்டுமே குறிக்கும். பாதுகாப்புக்கு அது சான்றாகாது. எனவே, நீண்ட உத்தரவாதம் தரும் பெயர்பெற்ற நிறுவனத்தின் பொருளையே வாங்க வேண்டும். இடிமின்னல் மிகுந்த நம் நாட்டில் மின்னெழுச்சித் தடுப்பான் பொருத்திய இணைப்புப் பலகையும் கட்டாயம். இடி இடிக்கும்போது செருகியைப் பிடுங்கிவிடுவதே எல்லாவற்றினும் நல்ல தடுப்பான்.

7) உறையும் குளிர்விப்பானும்: முன்புறம் முழுவதும் கண்ணாடியால் மூடிய உறை கண்ணுக்கு அழகு, காற்றுக்குப் பகை. குளிரூட்டி இல்லாத நம் வீடுகளில் அறை வெப்பமே 30 பாகையைத் தாண்டுகின்றது. முன்புறம் வலைப்பின்னல் உள்ள உறையை வாங்கச் சொல்லுங்கள். வண்ண விளக்கு கொண்ட மின்விசிறிகளுக்குக் கொடுக்கும் காசில் நல்ல மின்வழங்கியே வாங்கிவிடலாம். வாணவேடிக்கைக்குத்தான் தீபாவளி இருக்கின்றதே!

மறுப்புகளுக்கு விடை

"கட்டி வைத்த கணினிக்கு ஒரே உத்தரவாதம், பழுதானால் ஒரே இடத்தில் கொடுத்துவிடலாமே?" என்பர் சிலர். நியாயமான வாதம். உறுப்பு உறுப்பாக வாங்கினால் எந்த உறுப்பு பழுது என்று நாமே கண்டறிய வேண்டியுள்ளது. ஆனால், அந்த ஒரே உத்தரவாதம் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டோடு முடிந்துவிடும். நல்ல மின்வழங்கிகளுக்குத் தனியே ஏழாண்டு, பத்தாண்டு உத்தரவாதம் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் நிலைகுலைவுச் சிக்கல் எழுந்தபோது, அந்நிறுவனம் 2024இல் அவற்றின் உத்தரவாதத்தை மேலும் ஈராண்டு நீட்டித்தது. தன் செயலியின் பெயரே தெரியாதவர் இச்செய்தியைப் படித்தாலும் தமக்கு உரியது என்று அறிவாரா?

"பிள்ளை உடைத்துவிட்டால்?" என்பர் வேறு சிலர். அச்சம் புரிகின்றது. தாய்ப்பலகையின் செயலி இருக்கையில் உள்ள நுண்ணூசிகள் வளைந்தால் பலகையே பாழ்தான். ஆகவேதான், முதலில் படிக்க வேண்டும். பிறகு தொட வேண்டும். கட்டும் வேலையை அஞ்சுகின்றவர்கள், உறுப்புகளைத் தாமே தேர்ந்தெடுத்துக் கட்டணம் கொடுத்துக் கடையிலேயே கட்டச் சொல்லலாம். பிள்ளை அருகில் நின்று பார்க்கட்டும். என் வாதம் முடுக்காணியைத் திருகுவதைப் பற்றியதன்று. தேர்ந்தெடுக்கும் அறிவைப் பற்றியது.

"ஆசிரியரே விளையாட்டுக்குத் துணைபோகலாமா?" என்று என் சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்கின்றேன்: போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை விளையாடும் பிள்ளையைப் பற்றி நாம் என்ன செய்தோம்? மேசைக்கணினி போர்வைக்குள் போகாது. அதைக் கூடத்தில் வையுங்கள். திரை எல்லார் கண்ணுக்கும் படட்டும். நேரக் கட்டுப்பாடு பெற்றோர் கடமை. எந்தப் பொருளை வாங்கினாலும் அது தீராது. அதே வரைகலை அட்டையில் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு முப்பரிமாண உருவங்களைப் படைக்கலாம், காணொலி தொகுக்கலாம், சொந்தமாக ஒரு விளையாட்டையே உருவாக்கலாம். விளையாடுகின்றவன் உருவாக்குகின்றவனாக மாறும் வாசலும் அங்கேதான் உள்ளது.

தமிழில் முடியாதா?

"இதெல்லாம் ஆங்கிலத்தில் பேச வேண்டியவை, தமிழுக்கு எதற்கு?" என்று தமிழாசிரியர் சிலரே சொல்லும்போதுதான் என் நெஞ்சு கொதிக்கின்றது. முரசு அஞ்சலை உருவாக்கிக் கணினியில் தமிழை ஓடவிட்ட முத்து நெடுமாறன் இந்நாட்டுத் தமிழர். இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் திறந்த இடம் பினாங்கு. ஏஎம்டியும் அதே ஆண்டில் பினாங்கிற்கு வந்தது. "மலேசியாவில் தயாரிக்கப்பட்டது" என்று பொறித்த செயலிகள் உலகெங்கும் விற்கப்பட்டுள்ளன. அவ்வாலைகளில் உழைத்தவர்களுள் தமிழ்ப் பெண்களும் ஆண்களும் உண்டு. நம் கையால் பொதிந்து சோதித்த சில்லைப் பற்றி நம் மொழியால் பேச முடியாதா? மையச்செயலி, வரைகலை அட்டை, தாய்ப்பலகை, மின்வழங்கி என்று மேலே எழுதினேனே, எங்கேனும் புரியாமல் நின்றீர்களா? எண்களும் நிறுவனப் பெயர்களும் அப்படியே இருக்கட்டும். காரணம் சொல்லும் மொழி தமிழாக இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகனுக்கு எட்டாயிரம் வெள்ளியில் புதுக் கணினி. மகளுக்கு அவன் கழித்துப்போட்ட பழைய மடிக்கணினி! இந்த நடைமுறையைப் பல வீடுகளில் கண்டுவிட்டேன். உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் அறிவுக்கு ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஒரே கணினிதான் வாங்க முடியும் என்றால் இருவரும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கட்டும். இருவருக்கும் அது பொதுவாகட்டும்.

ஆகவே, என்ன செய்யலாம்?

1) முதலில் தொகையை முடிவு செய்யுங்கள். பிள்ளையிடம் அந்த எண்ணை மறைக்காமல் சொல்லுங்கள். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். 8,000 வெள்ளிக் கணினியை மாதம் 300 வெள்ளி வீதம் 36 மாதத் தவணையில் எடுத்தால், கொடுக்கும் தொகை 10,800 வெள்ளி. இக்கணக்கைப் பிள்ளையே போடட்டும்.

2) ஒவ்வோர் உறுப்புக்கும் மூன்று வினாக்களுக்குத் தமிழில் விடை எழுதச் சொல்லுங்கள்: இது என்ன வேலை செய்கின்றது? ஏன் இதனைத் தேர்ந்தெடுத்தாய்? இதைவிட மலிவானதை ஏன் தள்ளினாய்?

3) குறைந்தது மூன்று கடைகளில் விலை கேளுங்கள். லோ யாட் பிளாசா போன்ற இடங்களில் ஒரே மாடியிலேயே மூன்று கடைகளைப் பார்த்துவிடலாம்.

4) முழு எண்ணும் வரிசை எண்ணும் இல்லாத விலைப்பட்டியலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஏமாற்றப்பட்டால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றம் இருக்கின்றது. அங்கே உங்களுக்குத் துணை நிற்பது அந்தத் தாள்தான்.

5) கட்டி முடித்தபின் திரையின் கம்பியை வரைகலை அட்டையில் செருகுங்கள்; தாய்ப்பலகையில் செருகாதீர்கள். விண்டோசில் திரையின் வேகத்தை 144க்கு மாற்றுங்கள். ஏஎம்5 பலகை முதல்முறை இயங்கும்போது நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் திரை கறுத்தே இருக்கக்கூடும். பதறி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

பிள்ளைக்கு எட்டாயிரம் வெள்ளி கொடுக்கத் துணிந்த நமக்கு, எட்டுப் பக்கம் எழுதச் சொல்லத் துணிவில்லாமல் போகலாமா? அந்த எட்டுப் பக்கத்தை எழுதி முடித்த பிள்ளையை நாளைக்கு எந்தக் கடைக்காரரும், எந்த விளம்பரமும், எந்தத் தவணைத் திட்டமும் எளிதில் ஏமாற்ற முடியாது. கணினி ஐந்தாறு ஆண்டில் பழையதாகிவிடும். கேள்வி கேட்டு வாங்கும் பழக்கமோ வீடு வாங்கும் வயதிலும் கைகொடுக்கும்.

பெற்றோர்களே, சிந்தியுங்கள்! ஆசிரியர்களே, வகுப்பறையில் இதனைப் பேசுங்கள்!